நில அதிர்வா, குவாரி வெடியா? உங்கள் வீட்டில் எத்தனை தீவிரம் என்று நீங்களே கணிக்கும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அலமாரியில் பாத்திரம் கடகடத்தால் முதல் சந்தேகம் குவாரி வெடி மேல் விழும். ஓசூர்ப் பக்கம் என்றால் ஜெட் விமானம் மேல். இரண்டும் இல்லை என்றால்தான் "பூகம்பமா இருக்குமோ" என்ற பேச்சு. அதற்குள் வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு ரிக்டர் எண் சுற்ற ஆரம்பித்துவிடும். கருவி எதுவும் இல்லாமல், கண்ணால் பார்த்ததையும் உடம்பு உணர்ந்ததையும் வைத்து உங்கள் வீட்டுக்கான தீவிர எண்ணை எப்படிப் போடுவது, அதை எங்கே தெரிவிப்பது என்பதைப் பார்ப்போம்.

தொடங்குமுன் ஒரு தெளிவு

நில அதிர்வுக்கு இரண்டு எண்கள் உண்டு. செய்தியில் வரும் 4.2, 6.8 போன்றது அளவு. நிலத்துக்கு அடியில் எவ்வளவு ஆற்றல் வெளிப்பட்டது என்று சொல்வது. ஒரு அதிர்வுக்கு அது ஒன்றே ஒன்றுதான். ஓர் எண் கூடினால் அலையின் வீச்சு 10 மடங்கும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கும் கூடும். 1935-ல் ஒரு முறையை வகுத்த ரிக்டரின் பெயரைத்தான் எல்லோரும் சொல்கிறோம். பெரிய அதிர்வுகளுக்கு இன்று பயன்படுவது 1979-ல் வந்த திருப்புத்திறன் அளவுகோல்.

இன்னொன்று தீவிரம். நீங்கள் நின்ற இடத்தில் எவ்வளவு குலுங்கியது என்பது. இது 1 முதல் 12 வரை போகும், ஊருக்கு ஊர் மாறும். மெர்கல்லி 1902-ல் தந்த அளவுகோலின் திருத்திய வடிவம் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. இந்தியக் கட்டட விதிகள் 1964-ல் வந்த எம்.எஸ்.கே. அளவுகோலைப் பின்பற்றின, அதற்கும் 12 படிகள்தான். ஜப்பானில் மட்டும் 0 முதல் 7 வரை தனிக் கணக்கு. அங்கிருந்து வரும் செய்தியில் "தீவிரம் 6" என்றால் நம் 6 என்று நினைக்காதீர்கள், அது மிகக் கடுமையான குலுக்கல்.

படி 1: குலுங்கும்போது

மேசைக்கோ கட்டிலுக்கோ அடியில் புகுந்து தலையை மூடிக்கொள்ளுங்கள். மாடிப்படியில் ஓட வேண்டாம். கூரை ஓடும் சிமெண்ட் அட்டையும் சரியும் இடத்திலும் காம்பவுண்டு சுவர் ஓரத்திலும் நிற்க வேண்டாம்.

முடிந்தால் எண்ணுங்கள். முதலில் சின்னதாக ஒரு தட்டு வரும், சில வினாடி கழித்துப் பலமான ஆட்டம் வரும். நடுவில் எத்தனை வினாடி என்று "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என நிதானமாக எண்ணி, அதை 8-ஆல் பெருக்குங்கள். அதிர்வு கிளம்பிய இடமான மையம் ஏறக்குறைய அத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். முதல் அலை பாறையில் வினாடிக்குச் சுமார் 6 கி.மீ., இரண்டாவது சுமார் 3.5 கி.மீ. வேகத்தில் வருவதால்தான் இந்தக் கணக்கு பலிக்கிறது. மையம் மிக அருகில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே வந்து ஒரே 'டம்' என்று தெரியும்.

படி 2: ஐந்து நிமிடத்துக்குள் எழுதுங்கள்

டிவியையும் போனையும் பார்ப்பதற்கு முன் எழுதுவது முக்கியம். "5.6 ஆம்" என்று கேட்டுவிட்டால், ஞாபகத்தில் இருக்கும் குலுக்கலும் தானாகப் பெரிதாகிவிடும். குறிக்க வேண்டியவை: மணி, நிமிடம், எந்த மாடி, படுத்திருந்தீர்களா, உட்கார்ந்திருந்தீர்களா, நடந்துகொண்டிருந்தீர்களா, எத்தனை வினாடி நீடித்தது, சத்தம் கேட்டதா, எது ஆடியது, எது விழுந்தது, வீடு ஓட்டு வீடா, தார்சா, கல் சுவரா, ஹாலோபிளாக்கா.

படி 3: நில அதிர்வுதானா?

குவாரி வெடி பகலில் வரும், பெரும்பாலும் வழக்கமான நேரத்தில். ஒரே உதை, ஓரிரு வினாடியில் ஓய்ந்துவிடும். சூளகிரிப் பக்கம் வைத்த வெடி பாலக்கோட்டில் தெரியாது. அதனால் 20, 30 கி.மீ. தள்ளி இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்குப் போன் போட்டு, "இப்ப ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேளுங்கள். "பூகம்பம் வந்துச்சே, தெரிஞ்சுதா?" என்று கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள்.

விமான ஓசை காற்று வழியே வருவது. ஜன்னலும் கதவும் அதிரும், தரை அசையாது, தொங்கும் விளக்கு ஆடாது. 2020 மே 20 அன்று பெங்களூரில் பெரும் பரப்பில் கேட்ட வெடியோசை இந்த வகை. ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறந்த விமானப்படைச் சோதனை விமானம்தான் காரணம் என்று பிறகு தெரியவந்தது.

சத்தம் கேட்டது என்பதற்காக நில அதிர்வு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆழம் குறைந்த சிறு அதிர்வுகள் நம் கடினப் பாறையில் உறுமலோடும் வெடிச் சத்தத்தோடும் வருவது வழக்கம். இரவு இரண்டு மணிக்கு வந்த 'டம்' குவாரியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

சத்தமே இல்லாமல் தலை சுற்றுவது போலவும், தொங்கும் விளக்கு மெதுவாக நீண்டு ஆடுவது போலவும் மாடியில் மட்டும் தெரிந்தால், அது வெகுதூரத்துப் பெரிய அதிர்வு. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே வந்த 8.6 அளவு அதிர்வைச் சென்னையிலும் பெங்களூரிலும் அடுக்குமாடிகளில் இருந்தவர்கள் இப்படித்தான் உணர்ந்தார்கள்.

படி 4: எண் போடுவது

1: யாருக்கும் தெரியவில்லை.
2: மாடியில் சும்மா படுத்திருந்த ஓரிருவருக்கு மட்டும்.
3: வீட்டுக்குள் சிலருக்கு. தெருவில் லோடு லாரி போன மாதிரி. பலர் அதிர்வு என்றே நினைத்திருக்க மாட்டார்கள்.
4: வீட்டுக்குள் பெரும்பாலோருக்கு. பாத்திரம், கதவு, ஜன்னல் சத்தம் போடும். இரவானால் சிலர் விழித்துக்கொள்வார்கள்.
5: ஏறக்குறைய எல்லோருக்கும், வெளியே இருப்பவர்களுக்கும். பலர் தூக்கம் கலைந்து எழுவார்கள். நிலையில்லாத பொருள்கள் சாயும், சில உடையும்.
6: எல்லோருக்கும் தெரியும், பலர் பயப்படுவார்கள். பீரோ நகரும், பூச்சு அங்கங்கே உதிரும்.
7: நல்ல கட்டடத்துக்கு அநேகமாகச் சேதம் இல்லை, மோசமாகக் கட்டியதற்குப் பெரும் சேதம்.
8 முதல்: சுவர்கள் இடிவதில் தொடங்கி, 12-ல் முழு அழிவு.

புதிதாகச் செய்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, வீட்டிலேயே மோசமாக ஆடிய ஒரே பொருளை வைத்து எண் போடுவது. ஆணியில் சரியாக மாட்டாத படம் 3-லேயே விழும். அதனால் உங்கள் வீடு 5 ஆகிவிடாது. பெரும்பாலான பொருள்களுக்கும் மனிதர்களுக்கும் என்ன ஆனது என்று பாருங்கள். இரண்டாவது, மாடியைக் கணக்கில் எடுக்காமல் விடுவது. உயரம் கூடக் கூட ஆட்டம் கூடும். ஓசூர் அடுக்குமாடியில் எட்டாம் தளத்தில் உணர்ந்ததை அப்படியே ஊரின் தீவிரமாக எழுதக் கூடாது. தரைத்தளத்தில், அதிகம் போனால் முதல் தளத்தில் இருந்தவர்களையும் கேளுங்கள்.

பக்கத்துத் தெருவில் ஒரு எண் கூடுதலாக வந்தால் அவர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மண் ஒரு பெரிய காரணம். 1985 செப்டம்பர் 19 அன்று வந்த 8.0 அளவு அதிர்வின் மையம் மெக்சிகோ நகரத்திலிருந்து 350 கி.மீ.க்கும் அப்பால் இருந்தது. நகரத்தில் பழைய ஏரிப்படுகை மேல் நின்ற பகுதிதான் சின்னாபின்னமானது. இங்கேயும் பாறை மேல் அடித்தளம் போட்ட வீடும், தூர்த்த ஏரியில் மனை போட்டுக் கட்டிய வீடும் ஒன்றுபோல் ஆடாது. கட்டுமானம் இன்னொரு காரணம். 1993 செப்டம்பர் 30 அதிகாலை மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் வந்த அதிர்வின் அளவு 6.2தான். மண் சாந்தில் அடுக்கிய தடித்த கல் சுவரும், மேலே ஏற்றியிருந்த மண் கூரையும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சரிந்ததில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். நம் மலையோரச் சிற்றூர்களில் அத்தகைய கல் சுவர் வீடு இருந்தால், இந்தக் குறிப்பு எழுதும்போது வீட்டு வகையைத் தவறாமல் சேருங்கள்.

படி 5: சுவர் விரிசல் புதியதா?

டார்ச்சைச் சுவரை ஒட்டிச் சாய்வாகப் பிடித்து அடியுங்கள். உள்ளே தூசியும் ஒட்டடையும் பெயிண்டும் இருந்தால் பழையது. விளிம்பு கூர்மையாக, உள்நிறம் வெளுப்பாக, கீழே தரையில் புதுத்தூள் கிடந்தால் புதியது. இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டு தேதி எழுதிவையுங்கள். பின்அதிர்வு வந்தால் நீண்டிருக்கிறதா என்று தெரியும். பூச்சில் மட்டும் இருந்தால் கவலை குறைவு. சுவரின் மறுபுறமும் அதே இடத்தில் தெரிந்தாலோ, மூலையில் இரண்டு சுவர்கள் பிரிந்திருந்தாலோ வெளியே வந்து மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-க்கு அழையுங்கள்.

படி 6: அதிகாரபூர்வப் பதிவோடு ஒப்பிடுவது

புது தில்லியிலுள்ள தேசிய நிலநடுக்கவியல் மையத்தின் இணையதளத்திலோ 'பூகம்ப்' செயலியிலோ நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், அளவு எல்லாம் வரும். அமெரிக்க நிலவியல் அளவாய்வு நிறுவனத்தின் பட்டியலில் உலக நேரம் இருந்தால் 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

தொலைவைக் கணக்கிட ஓர் உதாரணம். மையம் 12.9, 79.1 என்று வைத்துக்கொள்வோம், அதாவது வேலூர்ப் பக்கம். கிருஷ்ணகிரி 12.5, 78.2. இங்கே அட்சரேகையில் ஒரு பாகை 111 கி.மீ., தீர்க்கரேகையில் ஒரு பாகை 108 கி.மீ. அட்சரேகை வித்தியாசம் 0.4 × 111 = 44 கி.மீ. தீர்க்கரேகை வித்தியாசம் 0.9 × 108 = 97 கி.மீ. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 107 கி.மீ. நீங்கள் எண்ணியது 13 வினாடி என்றால் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஆழம் சரியாக 10 கி.மீ. என்று இருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம். அருகில் போதிய கருவி இல்லாதபோது அந்த எண்ணை நிலையாக வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கணக்கிடுவது வழக்கம்.

ஆழம் உணர்வை வெகுவாக மாற்றும். 2015 அக்டோபர் 26 அன்று ஆப்கானிஸ்தானின் இந்துகுஷ் மலையில் வந்த 7.5 அதிர்வு 200 கி.மீ.க்கும் அதிக ஆழத்தில் நிகழ்ந்ததால் தில்லி வரை பரந்து தெரிந்தது. பாறையும் உணர்வை மாற்றும். நம் பகுதியில் அடியில் கிடப்பது பழைய, கெட்டியான பாறை. அதிர்வு அதில் அதிகம் தேயாமல் தொலைவு போகும். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பக்கம் வந்த, அளவு 6 ஒட்டிய அதிர்வு தென்னிந்தியாவில் பெரும்பரப்பில் உணரப்பட்டது. 2002 கட்டட விதிப் பட்டியலில் தருமபுரி மூன்றாம் மண்டலம். தீவிரம் 7 வரை எதிர்பார்த்துக் கட்ட வேண்டிய இடம் என்று பொருள்.

படி 7: தெரிவிப்பது

தேசிய நிலநடுக்கவியல் மையத்தின் இணையதளத்தில் அதிர்வை உணர்ந்தவர்களுக்கான படிவம் இருக்கிறது. அமெரிக்க நிறுவனமும் உலகம் முழுவதற்கும் 'நீங்கள் உணர்ந்தீர்களா?' என்ற படிவம் வைத்திருக்கிறது. அதிர்வு பட்டியலில் இல்லாவிட்டாலும் நேரத்தையும் இடத்தையும் கொடுத்து அனுப்பலாம். ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல் வரைபடத்தில் வீடு இருக்கும் இடத்தையே குறியுங்கள். தேன்கனிக்கோட்டை என்று மட்டும் போட்டால் பல கிலோமீட்டர் பிழை வரும். பின்அதிர்வு வந்தால் அதற்குத் தனிப் படிவம், பழையதோடு சேர்க்கக் கூடாது.

அரூரில் எல்லோருக்கும் தெரிந்து, பென்னாகரத்தில் நீங்கள் விழித்திருந்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால் அதையும் அனுப்புங்கள். அதிர்வு எதுவரை போய் நின்றது என்று கோடு போட, "தெரியவில்லை" என்ற பதில்கள் வேண்டும். அந்தப் பதிலைத்தான் யாரும் அனுப்புவதில்லை.