அம்மா அப்பாவுக்கு மெடிகேர் பார்ட் டி எடுக்கறீங்களா, முதல்ல மாத்திரை லிஸ்ட்ட எழுதுங்க

அமெரிக்கால வயசான அம்மா அப்பாவ கூட வச்சிருக்கறவங்களுக்கு தெரியும், அக்டோபர் வந்துட்டா தபால் பெட்டி முழுக்க பிளான் விளம்பரமா வந்து கொட்டும், போன் வேற ஓயாது. எல்லாரும் கேக்கற கேள்வி ஒண்ணே ஒண்ணு தான், "எந்த பிளான் நல்ல பிளான்?" அப்படி பொதுவா நல்ல பிளான்னு ஒண்ணு கிடையாதுங்க. உங்க அம்மா முழுங்கற மாத்திரைக்கு எது நல்ல பிளான்னு வேணா கேளுங்க, அதுக்கு பதில் இருக்கு.

அடிப்படைய வேகமா சொல்லிடறேன். மெடிகேர்ங்கறது முக்கியமா 65 வயசு ஆனவங்களுக்கு அமெரிக்க கவர்மென்ட் நடத்தற மருத்துவ இன்சூரன்ஸ். அதுல பார்ட் ஏ ஆஸ்பத்திரில சேர்ந்தா, பி டாக்டர் விசிட், லேப் இதுக்கெல்லாம், சி ங்கறது இந்த ரெண்டையும் ஒரு பிரைவேட் கம்பெனி கைல குடுக்கற மெடிகேர் அட்வான்டேஜ், டி தான் மருந்துக்கடைல வாங்கற மருந்து. 2003ல சட்டம் வந்து 2006 ஜனவரில தான் டி ஆரம்பிச்சது. கவர்மென்ட் ரூல் போடும், பணமும் போடும், ஆனா பிளான் விக்கறது பிரைவேட் கம்பெனிங்க, அதனால தான் ஒரே மாத்திரைக்கு ஒருத்தர் அஞ்சு டாலர் குடுக்கறாரு இன்னொருத்தர் நாப்பத்தஞ்சு குடுக்கறாரு. பத்து வருஷம் இங்க வேலை பாத்து வரி கட்டினவங்களுக்கு ஏ ஃப்ரீ, கிரீன் கார்டுல வந்த அம்மா அப்பாவுக்கு 65 வயசும் ஆகி, தொடர்ந்து அஞ்சு வருஷம் இங்க இருந்தும் இருந்தா காசு கட்டி சேரலாம். ஏ இல்ல பி, ரெண்டுல ஒண்ணாவது இருந்தா தான் டி எடுக்க முடியும்.

இப்போ லிஸ்ட். ஒரு பேப்பர்ல மருந்து பேரு, எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, மாத்திரையா கேப்ஸ்யூலா எல்லாம் எழுதுங்க. ஊர்லேர்ந்து கொண்டு வந்த அட்டைய வச்சு எழுதறவங்க பிராண்ட் பேர எழுதாதீங்க, கிளைகோமெட்னா இங்க யாருக்கும் புரியாது, அட்டைல பொடி எழுத்துல மெட்ஃபார்மின்னு போட்டிருக்கும் பாருங்க, அது தான் வேணும். டெல்மான்னா டெல்மிசார்டன். அங்க ரெண்டு மூணு மருந்த ஒரே மாத்திரைல கலந்து குடுக்கறது நிறைய, இங்க அதுல பாதி தனித்தனியா தான் கிடைக்கும். வில்டாகிளிப்டின் மாதிரி சிலது அமெரிக்கால அனுமதியே இல்ல, டாக்டர் வேற மருந்துக்கு மாத்தி எழுதின அப்பறம் தான் பிளான் தேடற வேலையே.

மில்லிகிராம் மட்டும் போதாதுன்னு ஏன் சொல்றேன்னா இந்த மெட்ஃபார்மினையே எடுத்துக்கோங்க. மெதுவா கரையற இ.ஆர். வகைல மட்டும் இங்க மூணு தினுசு இருக்கு. ஒண்ணு சாதா இ.ஆர்., தண்ணி விலை. மத்த ரெண்டு ஃபோர்ட்டாமெட், குளுமெட்ஸா ங்கற பிராண்டுகளோட ஜெனரிக், உள்ள இருக்கறது அதே மெட்ஃபார்மின் தான், ஆனா விலை பல மடங்கு, நிறைய பிளான்ல லிஸ்ட்லயே இருக்காது. வெப்சைட்ல தேடறப்போ தப்பான வரிய கிளிக் பண்ணீங்கன்னா வருஷ செலவு ஆயிரக்கணக்குல காட்டும், பயந்துடாதீங்க, மருந்துக்கடைல குடுத்த பாட்டில் லேபிள பாத்து அதே வரிய எடுங்க.

லிஸ்ட் ரெடியானதும் மெடிகேர் டாட் கவ் போய் பிளான் ஃபைண்டர்ல ஜிப் கோடு, மருந்து, ரெண்டு மூணு மருந்துக்கடை எல்லாம் போடுங்க. பிரீமியம் கம்மியா இருக்குன்னு மட்டும் பாக்காம, மருந்தும் பிரீமியமும் சேர்ந்து வருஷத்துக்கு மொத்தம் எவ்ளோன்னு வரிசைப்படுத்துங்க, அந்த ஒரு நம்பர் தான் முக்கியம். கடைய மாத்தினாலே அந்த நம்பர் மாறும், ஏன்னா ஒவ்வொரு பிளானுக்கும் செல்லக் கடைங்க உண்டு, அதுக்கு பேரு ப்ரிஃபர்ட் ஃபார்மசி.

பிளான் கவர் பண்ற மருந்து லிஸ்ட்டுக்கு ஃபார்முலரின்னு பேரு, அத டியர் டியரா, அதாவது விலைப் படி வாரியா பிரிச்சிருப்பாங்க, பெரும்பாலும் அஞ்சு. ஒண்ணு ரெண்டு ஜெனரிக், மூணு நாலு பிராண்டும் கொஞ்சம் ஜெனரிக்கும், அஞ்சு ஸ்பெஷாலிட்டி, அதாவது கேன்சர் மருந்து மாதிரி விலை எகிறுற சமாச்சாரம். மருந்து பேருக்கு பக்கத்துல பி.ஏ., எஸ்.டி., க்யூ.எல்.னு எழுத்து இருந்தா கண்டிப்பா கவனிங்க. பி.ஏ.ன்னா டாக்டர் முன்கூட்டியே அனுமதி வாங்கணும், எஸ்.டி.ன்னா விலை கம்மியான மருந்த முதல்ல போட்டு பாத்து சரி வரலைன்னா தான் இது, க்யூ.எல்.ன்னா மாசத்துக்கு இத்தனை தான்னு அளவு.

பணக் கணக்குல முன்னாடி டோனட் ஹோல்னு, அதாவது வருஷ நடுவுல மருந்து செலவு உங்க தலைல நிறைய விழற கட்டம்னு, ஒரு தலைவலி இருந்துச்சு, 2025லேர்ந்து அது கிடையாது. 2026க்கு டிடக்டிபிள் அதிகபட்சம் 615 டாலர், அது வரைக்கும் உங்க காசு, அப்பறம் ஸ்டாண்டர்ட் பிளான்ல மருந்து விலைல 25 சதவீதம், இப்படி உங்க கைக்காசு 2,100 டாலர தொட்டதும் அந்த வருஷம் முழுக்க கவர் ஆன மருந்துக்கு பூஜ்யம். எலிக்விஸ்ங்கற ரத்தம் உறையாம தடுக்கற மாத்திரை எடுக்கறவங்கள வச்சு பாப்போம், கவர்மென்ட் பேரம் பேசி 2026 ஜனவரிலேர்ந்து விலை குறைஞ்ச முதல் பத்து மருந்துல இதுவும் ஒண்ணு, மாசம் 231 டாலர். ஜனவரி பிப்ரவரி முழுசா 231, மார்ச்ல டிடக்டிபிள்ல மிச்சம் 153 போக பாக்கிக்கு 25 சதவீதம், ஆக சுமார் 172, ஏப்ரல்லேர்ந்து மாசம் 58 கிட்ட. நிறைய பிளான்ல டியர் ஒண்ணு ரெண்டுக்கு டிடக்டிபிளே கிடையாது, அதனால ஜெனரிக் மட்டும் எடுக்கற அப்பாவுக்கு இந்த 615 பத்தி கவலையே இல்ல. பிளான் கவர் பண்ற இன்சுலின் ஒவ்வொண்ணுக்கும், எந்த பிளானா இருந்தாலும், ஒரு மாசத்துக்கு 35 டாலருக்கு மேல வாங்கக்கூடாது, ஷிங்கிள்ஸ் (அக்கி) மாதிரி பெரியவங்களுக்கு பரிந்துரைச்ச தடுப்பூசி ஃப்ரீ, டிடக்டிபிளும் குறுக்க வராது.

ஜனவரில மொத்தமா இவ்ளோ குடுக்க முடியலைன்னா மாசா மாசம் பிரிச்சு கட்ட ஒரு பேமென்ட் பிளான் 2025லேர்ந்து இருக்கு, பிளான் கம்பெனிக்கு போன் பண்ணி சேத்துக்க சொல்லணும், வட்டி கிடையாது. தள்ளுபடி இல்ல இது, தவணை தான்.

2,100 கணக்குல பிரீமியம் சேராது. ஃபார்முலரில இல்லாத மருந்து வாங்கினாலும் சேராது. எடை குறைக்கறதுக்கு மட்டும் எழுதற மருந்து, இருமல் டானிக், பெரும்பாலான விட்டமின் இதெல்லாம் பார்ட் டி தொடவே தொடாது. இன்னொரு விஷயம், ஆஸ்பத்திரி க்ளினிக்ல வச்சு ஏத்தற கீமோ மாதிரி மருந்து பெரும்பாலும் பி கணக்கு, அத டி லிஸ்ட்ல தேடி காணோம்னு அலையாதீங்க.

வருமானம் கம்மியா இருந்தா எக்ஸ்ட்ரா ஹெல்ப்னு ஒண்ணு இருக்கு, இத நம்மாளுங்க பாதி பேரு கேள்வியே பட்டிருக்க மாட்டாங்க. சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ்ல அப்ளை பண்ணணும், மெடிகெய்ட் (வருமானம் கம்மியானவங்களுக்கான கவர்மென்ட் இன்சூரன்ஸ்) இருந்தா தானாவே கிடைக்கும். கிடைச்சிட்டா டிடக்டிபிள் கிடையாது, 2026ல ஜெனரிக்குக்கு அதிகபட்சம் 5.10, பிராண்டுக்கு 12.65 டாலர். சேமிப்பு எவ்ளோன்னும் கேப்பாங்க, ஆனா குடியிருக்கற சொந்த வீட்ட கணக்குல எடுக்க மாட்டாங்க.

"அம்மாவுக்கு ஒரு மாத்திரையும் கிடையாது, அப்பறம் எதுக்கு டி"ன்னு கேப்பீங்க. லேட்டா சேர்ந்தா அபராதம் இருக்கு. வேற சரியான மருந்து கவரேஜ் இல்லாம தொடர்ந்து 63 நாள் போச்சுன்னா அப்படி விட்ட ஒவ்வொரு மாசத்துக்கும் அடிப்படை பிரீமியத்துல ஒரு சதவீதம், 2026ல அந்த அடிப்படை 38.99 டாலர். இருபது மாசம் விட்டா மாசம் கிட்டத்தட்ட 7.80, தொகை சின்னது தான், ஆனா டி இருக்கற வரைக்கும் மாசா மாசம் கூடவே வரும். மாத்திரை இல்லாதவங்க அந்த ஏரியால இருக்கறதுலயே மலிவான பிளான போட்டு வச்சிடுங்க. ஆபீஸ் இன்சூரன்ஸ் இருக்கறவங்களுக்கு வருஷா வருஷம் க்ரெடிடபிள் கவரேஜ்னு ஒரு லெட்டர் வரும், இந்த அபராதம் வராம இருக்க ஆபீஸ் கவரேஜ் போதுமான்னு அதுல இருக்கும், அத தூக்கி போடாதீங்க.

பிளான மாத்தறதுக்கு நேரம் அக்டோபர் 15லேர்ந்து டிசம்பர் 7 வரைக்கும், புது பிளான் ஜனவரி 1ல ஆரம்பிக்கும். ஹெச்.எம்.ஓ., பி.பி.ஓ. மாதிரி அட்வான்டேஜ் பிளான்ல இருக்கறவங்க தனியா ஒரு டி பிளான்ல சேர்ந்துடாதீங்க, சேர்ந்தா அந்த அட்வான்டேஜ்லேர்ந்தே உங்கள தூக்கிடுவாங்க. குழப்பமா இருந்தா ஒவ்வொரு ஸ்டேட்லயும் ஷிப்னு ஒரு இலவச ஆலோசனை சேவை இருக்கு, எதையும் விக்க மாட்டாங்க, ஏஜென்ட்டுக்கு முன்னாடி அவங்கள கூப்பிடுங்க.

கவர் இல்லன்னு கடைல சொல்லிட்டா அங்கயே முழு காச குடுத்துட்டு வராதீங்க. புதுசா சேர்ந்த முதல் 90 நாளுக்குள்ளன்னா, ஏற்கனவே எடுத்துட்டிருக்கற மருந்துக்கு ஒரு தடவ ஒரு மாச சப்ளை குடுத்தாகணும், ட்ரான்சிஷன் ஃபில்னு கேளுங்க. அதுக்குள்ள டாக்டர் எக்ஸெப்ஷன், அதாவது விதிவிலக்கு, கேட்டு பிளானுக்கு எழுதலாம், அவர் எழுதின காரணம் கைக்கு வந்ததும் பிளான் 72 மணி நேரத்துல பதில் சொல்லணும், அவசரம்னா 24.

அப்பறம் நம்ம ஊரு பயணம். அமெரிக்காவுக்கு வெளில வாங்கற மருந்துக்கு பார்ட் டி பைசா குடுக்காது, அங்க வாங்கின பில்லு அந்த 2,100லயும் ஏறாது. மூணு மாசம் போறாங்கன்னா 90 நாள் சப்ளை எழுதி வாங்குங்க, அடுத்த ரீஃபில் தேதி இன்னும் வரலைன்னா வெகேஷன் ஓவர்ரைடுன்னு கேட்டா நிறைய பிளான் முன்கூட்டியே விடும், ஆனா பிளானுக்கு போன் போட்டு ஓகே வாங்க ரெண்டு மூணு நாள் இழுக்கும், அதனால டிக்கெட் போட்ட கையோட ஃபார்மசில சொல்லி வச்சிடுங்க.