ஹை-எண்ட் ஆடியோ கண்காட்சி: அறையை விலக்கிவிட்டுக் கருவியைக் கேட்பது எப்படி

சிகாகோவை ஒட்டிய ஷாம்பர்க் ஊரில் ஏப்ரல் மாதம் நடக்கும் ஆக்ஸ்போனா என்ற உயர்தர ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) கண்காட்சியில் இருநூறுக்கு மேற்பட்ட கேட்பறைகள் உண்டு; கம்பெனிகள் தங்கள் சிஸ்டத்தை இசைத்துக் காட்டும் அறைகள் அவை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் சேர்த்து 22 மணி நேரம் திறந்திருப்பதாக வைத்துக்கொண்டால் அறைக்கு ஆறரை நிமிடம்தான் கிடைக்கும். லிஃப்டுக்குக் காத்திருப்பது, வாசலில் வரிசை, மதியச் சாப்பாடு எல்லாம் அதற்குள் அடக்கம். எல்லா அறையையும் பார்த்துவிட வேண்டும் என்று போகிறவர் எதையும் கேட்காமல் திரும்புவார். ஒரு நாளைக்கு எட்டு அறை, அறைக்கு இருபது முதல் முப்பது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச நேரத்தில் சும்மா சுற்றலாம்.

அந்த எட்டு அறைகளை எப்படிப் பொறுக்குவது? கண்காட்சிக்கு முந்தைய வாரம் அறைப் பட்டியலும் வரைபடமும் வெளியாகும். உங்கள் பட்ஜெட்டில் உள்ள ஸ்பீக்கர்களில் நான்கைந்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஸ்பீக்கர் இரண்டு வெவ்வேறு அறைகளில் இசைக்கிறது என்றால் அந்த இரண்டையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்காட்சியில் கிடைக்கும் மிகப் பயனுள்ள ஒப்பீடு அதுதான். ஏன் என்பது கீழே வருகிறது. கோடி ரூபாய் சிஸ்டம் ஒன்றிரண்டையும் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் பட்டியல் முழுக்க அவையாகவே இருந்தால் அது வேடிக்கை பார்ப்பது, வேறொன்றுமில்லை.

எந்த நாள், எந்த மாடி

வெள்ளிக்கிழமை கூட்டம் குறைவு. ஆனால் பல அறைகளில் ஸ்பீக்கரை இன்னும் அரை அடி முன்னே பின்னே நகர்த்திக்கொண்டிருப்பார்கள். சனிக்கிழமை நடு இருக்கை கிடைப்பதே கஷ்டம். ஞாயிறு காலை பெரும்பாலும் ஒலி நன்றாக இருக்கும்: கருவிகள் இரண்டு நாள் ஓடியிருக்கும், ஸ்பீக்கரின் இடமும் முடிவாகியிருக்கும், அறைக்காரர்களும் நிதானத்துக்கு வந்திருப்பார்கள். ஆகவே வெள்ளியன்று பட்டியலை ஒரு சுற்று கேட்டுவிட்டு, பிடித்த மூன்றை ஞாயிறு காலை மறுபடி கேட்பது நல்ல திட்டம். ஞாயிறு மதியத்துக்கு மேல் நம்ப வேண்டாம், பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

ஓட்டல் கண்காட்சி என்றால் முதலில் லிஃப்டில் உச்சி மாடிக்குப் போய், அங்கிருந்து படிக்கட்டில் ஒவ்வொரு மாடியாக இறங்குங்கள். கீழிருந்து மேலே போகிறவர்கள்தான் லிஃப்ட் வாசலில் அரை நாளைக் கழிக்கிறார்கள்.

ஐரோப்பாவின் பெரிய கண்காட்சியான ‘ஹை எண்ட்’ வேறு வகை. 1982இல் தொடங்கிய அது, 2004 முதல் 2025 வரை மியூனிக்கின் எம்.ஓ.சி. வளாகத்தில் நடந்தது, 2026இல் வியன்னா அதன் ஊரானது. இந்த மாதிரி வளாகங்களில் பெரிய ஹாலுக்குள் எழுப்பிய தற்காலிக அறைகளும் இருக்கும். பக்கத்து அறையின் பேஸ் (தாழ்ந்த சுர ஒலி) உங்கள் அறைக்குள் வந்து விழும். வணிகர்களுக்கு மட்டும் ஒதுக்கிய நேரமும் உண்டு. விமான டிக்கெட் போடும் முன் பொதுமக்களுக்கு எந்த நாள் என்று பாருங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை

முதலில் பாட்டு. ஐந்து போதும், ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் கேட்டாலே விஷயம் தெரிய வேண்டும். வீட்டில் நூறு தடவை கேட்டதாக இருக்கட்டும். ‘அங்கே ஸ்ட்ரீமிங் இருக்கும், தேடிப் போட்டுக்கொள்ளலாம்’ என்று கைவீசிப் போகாதீர்கள். அதே பாட்டின் ரீமாஸ்டர் (ஒலியை மறுபடி சீரமைத்த) பதிப்பு வந்து நிற்கும்; ஒலியளவும் பேஸும் மாறியிருக்கும், நீங்கள் குறையை ஸ்பீக்கர் மேல் போடுவீர்கள். வீட்டில் கேட்கும் அதே ஃபைலை ஒலித்தரம் குறையாத ஃபிளாக் அல்லது வேவ் வடிவில் பென் டிரைவில் போடுங்கள். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்திருக்க வேண்டும். எக்ஸ்ஃபேட் என்றால் சில ஸ்ட்ரீமர்கள் (ஃபைலை எடுத்து இசைக்கும் கருவிகள்) படிக்காது. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வேண்டாம், பெயர்களை 01, 02 என்று ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழ்ப் பெயர் சில திரைகளில் கட்டம் கட்டமாகத் தெரியும். சில அறைகளில் பாதுகாப்பு கருதி வெளி டிரைவைச் செருக விடமாட்டார்கள். அதற்காக அதே பாட்டுகளை ஒரு சிடியிலும், ஸ்ட்ரீமிங் கணக்கில் சரியான பதிப்பைத் தேடி ஒரு பட்டியலாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பாட்டு? அறைக்காரர்கள் போடுவது பெரும்பாலும் மெல்லிய பெண் குரலும் ஒரு கிட்டாரும். அது எதில் போட்டாலும் இனிமையாகத்தான் இருக்கும்; தாழ்ந்த பேஸும் இல்லை, நெரிசலும் இல்லை. உங்கள் ஐந்தில் ஒன்று டபுள் பேஸ் அல்லது பேஸ் கிட்டார் படிப்படியாக இறங்கி ஏறுவதாக இருக்கட்டும். ஒன்று பியானோ. ஒன்று ‘ஸ’, ‘ச’ நிறைய வரும் பெண் குரல். ஒன்று எல்லா வாத்தியமும் ஒரே நேரத்தில் முழங்கும் பதிவு; கோயில் நாதஸ்வரம், தவில் பதிவு கைவசம் இருந்தால் அதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது.

ஐந்தாவது மிருதங்கத் தனி. மற்ற தோல்கருவிகள் பலவற்றில் மேற்சுரங்கள் (மூல சுரத்தோடு சேர்ந்து எழும் உயர் சுரங்கள்) ஒழுங்கில்லாமல் சிதறும்; மிருதங்கத்தின் வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) கரணை என்ற கருப்புப் பூச்சு இருப்பதால் அவை சுருதியோடு ஒத்து வரிசையாக அமைகின்றன. சி.வி. ராமன் 1920இலேயே ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆகவே நல்ல சிஸ்டத்தில் வலந்தலை ஒரு சுரமாகவே கேட்க வேண்டும். வெறும் தட்டல் சத்தமாக நின்றால் நடு அலைவரிசையில் ஏதோ கோளாறு. தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) வழுக்கி வரும் கும்கி என்ற தாழ்ந்த நாதத்தைக் கவனியுங்கள்: சுருதி நகரும்போது ஓரிடத்தில் மட்டும் சத்தம் பொங்கினால் அது பெரும்பாலும் அறையின் வேலை.

மற்றவை சின்னச் சாமான்கள்: குறிப்பு நோட்டு, கனமில்லாத செருப்பு அல்லது ஷூ, தண்ணீர் பாட்டில், இசைக்கலைஞர்கள் போடும் வடிகட்டி வகை இயர்பிளக். முதுகுப்பை வேண்டாம். திரும்பும்போது அது ஒரு வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப் மேல் இடித்தால் எல்லோருக்கும் சங்கடம்.

அறை செய்யும் வேலை

கட்டிலை எடுத்துவிட்டு சிஸ்டத்தை வைத்த ஓட்டல் அறை, ஒரு பக்கம் முழுக் கண்ணாடி ஜன்னல், தாழ்ந்த கூரை. அங்கே கேட்கும் பேஸில் பாதி அறையுடையது. கணக்கு எளிது: ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அதை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் அந்தத் திசையில் அறை ஒத்ததிரும் முதல் அலைவரிசை கிடைக்கும். 6 மீட்டர் நீளம் என்றால் சுமார் 29 ஹெர்ட்ஸ், அடுத்தது 57. அகலம் 4 மீட்டர் என்றால் 43. கூரை 2.5 மீட்டர் என்றால் 69. டபுள் பேஸின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ் என்பதை நினைத்துப் பாருங்கள். அறையின் குணம் இசை நடக்கும் இடத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்த ஒத்ததிர்வு இடத்துக்கு இடம் மாறும். நீளவாட்டில் முதல் அலை அறையின் நடுவில் அடங்கி, சுவரோரம் பெருகும். இரண்டாவது அலை நடுவிலும் பெருகும், சுவரிலிருந்து கால் பங்கு தூரத்தில் அடங்கும். அதனால்தான் பின்சுவரில் சாய்ந்து நிற்பவர் ‘அடேயப்பா, என்ன பேஸ்’ என்கிறார், இரண்டாவது வரிசைக்காரர் ‘சப்பென்று இருக்கிறது’ என்கிறார். இருவர் சொல்வதும் உண்மை. ஸ்பீக்கரைப் பற்றி மட்டும் அவர்கள் எதுவும் சொல்லவில்லை.

சின்ன அறையில் ஆளுயர ஸ்பீக்கரைத் திணித்த கம்பெனிகளைவிட, ஆறரை அங்குல வூஃபர் (பேஸ் ஒலிக்கும் கூம்பு) ஒன்றோடு ஸ்டாண்டில் நிற்கும் ஸ்பீக்கரை வைத்தவர்கள் நன்றாக ஒலிப்பது இதனால்தான். அது அந்த ஆழத்துக்கு இறங்குவதே இல்லை, அறையும் எழுந்திருப்பதில்லை. உங்கள் வீட்டுக் கூடம் பெரிதென்றால் முடிவு நேர்மாறாகலாம்.

உட்கார்ந்து கேட்கும் முறை

பாட்டு ஓடும்போது கதவைத் திறக்காதீர்கள், இடைவெளிக்குக் காத்திருங்கள். உள்ளே போனதும் அரை நிமிடம் பின்னால் நின்று கேளுங்கள். பிறகு நடு இருக்கை. இடம் காலியாகும் வரை காத்திருப்பதில் வெட்கம் வேண்டாம். ஓரத்து இருக்கையில் ஒரு ஸ்பீக்கர்தான் காதில் விழும், மேடை போல விரியும் ஸ்டீரியோ ஒலி அங்கே கிடைக்காது.

உட்கார்ந்தபின் முக்கியமான சோதனை. ஒரு பேஸ் சுரம் பொங்குகிறது என்று பட்டால் தலையை அரை மீட்டர் முன்னே கொண்டுபோங்கள், பின்பு பின்னே. பொங்குவது கூடிக் குறைந்தால் அறை. எங்கே போனாலும் அப்படியே இருந்தால் ஸ்பீக்கர் அல்லது பதிவு. அடுத்து அந்த ஒரே பாட்டை அதே ஸ்பீக்கர் உள்ள இரண்டாவது அறையில் கேளுங்கள். இரண்டிலும் பொதுவாக வரும் குணத்தை மட்டும் ஸ்பீக்கர் கணக்கில் எழுதுங்கள். ‘ஸ’ கூர்மை இரண்டிலும் குத்துகிறதா? அப்படியானால் வீட்டிலும் குத்த வாய்ப்பு அதிகம்.

ஆம்ப், டாக் (டிஜிட்டல் இசையை மின்னலையாக மாற்றும் கருவி), கேபிள் பற்றி ஓர் அறையில் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரே நேரத்தில் எல்லாமே மாறியிருக்கிறது. கேபிள் மாற்றிக் காட்டும் செயல்விளக்கங்களில் ஒலியளவைச் சமப்படுத்தினார்களா என்று கேளுங்கள். அரை டெசிபெல், ஒரு டெசிபெல் கூடினாலே காது அதை ‘சத்தம்’ என்று சொல்லாது, ‘தெளிவு’ என்று சொல்லும். எது எந்தக் கேபிள் என்று முன்கூட்டிச் சொல்லாமல் மாற்றச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே மறுத்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

நோட்டில் எழுதுவதை விலை தெரிவதற்கு முன் எழுதுங்கள். விலைச்சீட்டைப் பார்த்தபின் காது மாறிவிடும்.

ஒலியளவு தனிச் சிக்கல். ஐபோன் என்றால் அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் வெளியிட்ட இலவச ஒலிமானி செயலி உண்டு, போடுங்கள். அவர்கள் கணக்கில் 85 டெசிபெல் 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94 என்றால் 1 மணி நேரம், 100 என்றால் 15 நிமிடம். மதியத்துக்குள் ஐந்தாறு அறைகள் அதைத் தின்றுவிடும், அப்புறம் எந்த ஸ்பீக்கரும் மந்தமாகத்தான் ஒலிக்கும். இரண்டு அறைக்கு ஒருமுறை பத்து நிமிடம் வெளியே போய் உட்காருங்கள். நடைபாதையில் இயர்பிளக் போடுங்கள். சத்தத்தைக் குறைக்கச் சொல்லத் தயங்க வேண்டாம்: 70 டெசிபெல்லிலும் உயிரோடு இருக்கும் சிஸ்டம்தான் இரவு பத்து மணிக்கு வீட்டில் பயன்படும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஸ்பீக்கருக்கும் அதன் பின்னால் உள்ள சுவருக்கும் எவ்வளவு தூரம்? அறைத் திருத்தம் செய்யும் டிஜிட்டல் சிப் ஓடுகிறதா? ஓடினால் அணைத்து ஒரு நிமிடம் போட முடியுமா? சப்வூஃபர் (பேஸுக்கான தனி ஸ்பீக்கர்) எங்காவது ஒளிந்திருக்கிறதா? ஸ்பீக்கரின் உணர்திறன் (ஒரு வாட்டுக்கு எத்தனை டெசிபெல் சத்தம்) எவ்வளவு, ஓம் (மின்தடை) எவ்வளவு வரை இறங்கும்?

கடைசிக் கேள்வி முக்கியம். 300பி என்ற வால்வு ஒன்று போட்ட சிங்கிள்-எண்டட் ஆம்ப் சுமார் 8 வாட் தரும். 100 டெசிபெல் உணர்திறன் உள்ள ஹார்ன் (ஊதுகுழல் வடிவ) ஸ்பீக்கரோடு அது அறையை நிரப்பும். அந்த ஆம்ப் மேல் காதல் கொண்டு வாங்கி வந்து வீட்டில் உள்ள 87 டெசிபெல் ஸ்பீக்கரில் போட்டால் 13 டெசிபெல் குறைவு. அதே சத்தம் வேண்டுமென்றால் இருபது மடங்கு, அதாவது 160 வாட் தேவை.

உங்கள் பாட்டைக் கேட்பதற்கும் நேரம் உண்டு. வாசலில் பத்துப் பேர் நிற்கும்போது கேட்காதீர்கள். காலை திறந்ததும் அல்லது மூடுவதற்கு அரை மணி முன்னால் கேளுங்கள். ‘சார், இரண்டு நிமிடம் போதும்’ என்று சொல்லி, சொன்னபடி நிறுத்துங்கள். பாட்டு நடுவே பேசாதீர்கள், டர்ன்டேபிளின் (இசைத்தட்டுச் சுழற்றியின்) கையையும் ஸ்பீக்கரின் ட்வீட்டரையும் (உயர்சுரம் ஒலிக்கும் சிறு பாகம்) தொடாதீர்கள். இரண்டு மூன்று பாட்டுக்குப் பின் நடு இருக்கையை விட்டு எழுந்திருங்கள்.

ஹெட்ஃபோன் கூடம்

இங்கே இரைச்சல்தான் எதிரி. திறந்த வகை ஹெட்ஃபோனை இந்தச் சந்தடியில் எடைபோட முடியாது. கனம், காதில் அழுத்தம், வசதி இவற்றை மட்டும் பாருங்கள். காதுக்குள் செருகும் வகைக்கு உங்கள் சொந்த ரப்பர் முனைகளையும் துடைப்புத் துணியையும் எடுத்துப்போங்கள். 3.5 மி.மீ.யிலிருந்து 6.35 மி.மீ.க்கு மாற்றும் முனை ஒன்று பையில் இருக்கட்டும். 4.4 மி.மீ. பேலன்ஸ்டு வழி (இரு காதுக்கும் தனித்தனிக் கம்பி ஜோடி), சாதாரண வழியைவிட 6 டெசிபெல் வரை சத்தமாக வரலாம்; அதைக் குறைத்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

அங்கேயே வாங்குவதென்றால்

ஞாயிறு மாலை, காட்சிக்கு வைத்த கருவிகளைத் தள்ளுபடியில் தருவார்கள். வெளிநாட்டில் வாங்கி இந்தியாவுக்கோ இலங்கைக்கோ கொண்டுவருவதென்றால் சுங்க வரி தவிர இன்னொன்று உண்டு: அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் வோல்ட் மாறும், ஹெர்ட்ஸ் மாறாது. ஏசி சிங்க்ரோனஸ் மோட்டார் (மின்சாரத்தின் ஹெர்ட்ஸுக்கேற்ற வேகத்தில் சுற்றுவது) உள்ள டர்ன்டேபிள் அப்போது நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதில் 27.8 சுற்றுதான் சுற்றும். பாட்டு சுருதி இறங்கி இழுத்துக்கொண்டு ஓடும். அதற்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி (மோட்டாரில் மாட்டும் சிறு சக்கரம்) தனியாக விற்கிறார்களா என்று அங்கேயே கேளுங்கள். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப் 50இல் அதிகம் சூடாகும், முனகவும் செய்யும்.

பின்பக்கத் தகட்டில் ‘50/60’ என்று இருக்கிறதா என்றும், வோல்டேஜ் மாற்றும் சுவிட்சோ ஃபியூஸ் மாற்றமோ உண்டா என்றும் படித்துப் பாருங்கள். உங்கள் நாட்டு விநியோகஸ்தர் அந்தப் பொருளுக்கு உத்தரவாதம் ஏற்பாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள், பலர் ஏற்பதில்லை. கருவியின் அசல் பெட்டியும் உள்ளே வரும் நுரை அச்சுகளும் இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். டர்ன்டேபிள் என்றால் தட்டைக் கழற்றித் தனியாகக் கட்டவும், கையைக் கட்டி நிறுத்தவும், கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி பொருத்திய பாகத்துக்கு) ஊசி மூடி போடவும் விற்பவரையே செய்யச் சொல்லுங்கள்.