கூட்டுக்குள் ஒளியும் அமீபா: கண் சொட்டு மருந்தைச் சோதிப்பது எப்படி?

குழாய்த் தண்ணீர், குளம், மண் என எங்கும் வாழும் அகாந்தமீபா, கீறல்பட்ட கருவிழியில் புகுந்தால் தாங்க முடியாத வலி வரும், பார்வையே போகலாம். மேலைநாடுகளில் காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்குத்தான் இது அதிகம். இந்தியாவிலோ கண்ணில் அடிபட்டவர்கள், தூசியோ அழுக்குத் தண்ணீரோ பட்டவர்களே பெரும்பாலோர். இதற்குக் கொடுக்கும் பி.எச்.எம்.பி., குளோர்ஹெக்சிடின் சொட்டு மருந்துகள் வழக்கமாக 0.02 சதவீதம், அதாவது மில்லிக்கு 200 மைக்ரோகிராம். அதை ஆய்வகத்தில் சோதிக்கும் முறை இது. நோய்க்கிருமிகளைப் பாதுகாப்பாகக் கையாளும் உயிரியல் பாதுகாப்பு நிலை 2 ஆய்வக வசதி இல்லாத இடத்தில் தொடவே வேண்டாம்.

படி 1: அமீபாவை வளர்த்தல்

பெப்டோன், ஈஸ்ட் சாறு, குளுக்கோஸ் கலந்த திரவத்தில் 25 முதல் 30 டிகிரியில் வளர்க்கலாம். மைக்ராஸ்கோப்பில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டு மெல்ல ஊரும். உள்ளே ஒரு குமிழி சுருங்கி விரியும். இது டிராபோசோயிட், அதாவது கூடில்லாமல் ஊர்ந்து உண்ணும் நிலை. இதைக் கொல்வது பெரிய காரியமில்லை.

படி 2: கூடு கட்ட வைத்தல்

வில்லன் இங்கேதான். சாப்பாடு இல்லாத நெஃப் கரைசலுக்கு மாற்றி ஒரு வாரம் விட்டால், இரட்டைச் சுவருள்ள கூட்டுக்குள் அமீபா சுருண்டுகொள்ளும். உள்சுவரில் செல்லுலோஸ் உண்டு. நோயாளிகள் மாதக்கணக்கில் சொட்டு விட வேண்டியிருப்பது இந்தக் கூடுகளால்தான். ஆகவே இரண்டு நிலைகளையும் தனித்தனியே சோதியுங்கள்.

படி 3: மருந்தைப் பாதி பாதியாக நீர்த்தல்

96 குழித் தட்டில் ஒவ்வொரு குழியாகப் பாதியாக்கிக்கொண்டே போங்கள். புதியவர்கள் வழுக்கும் இடம் இது: 100 மைக்ரோலிட்டர் மருந்தோடு 100 மைக்ரோலிட்டர் அமீபா சேர்த்ததுமே மருந்தின் அடர்த்தி பாதியாகிவிடும். முதல் குழியில் இருப்பது 200 அல்ல, 100.

கன்ட்ரோல் இரண்டு தேவை. ஒன்று, மருந்தே இல்லாத குழி. இன்னொன்று, மருந்துப் பொருளை மட்டும் நீக்கிய அதே சொட்டுத் திரவம். பல சொட்டு மருந்துகளில் கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடும் அமீபாவைக் கொல்லும். பெயர் மட்டும் மருந்துக்குப் போய்விடும்.

படி 4: 48 மணி நேரம் காத்திருத்தல்

கண்ணில் விட்ட சொட்டு சில நிமிடங்களில் கண்ணீரோடு வழிந்துவிடும். ஆய்வகத்தில் மருந்துக்கு நாம் காட்டும் சலுகை கொஞ்சம் அதிகம்தான். முடிவை எழுதும்போது நினைவில் வையுங்கள்.

படி 5: செத்ததா, நடிக்கிறதா?

டிரிப்பான் நீலம் என்ற சாயம் உள்ளே ஏறினால் செத்தது என்பார்கள். கூடு விஷயத்தில் அதை மட்டும் நம்பாதீர்கள். நான் முதன்முதலில் அப்படி நம்பி "எல்லாம் காலி" என்று நோட்டில் எழுதினேன். அடுத்த வாரம் அதே மாதிரியை அகாரில் (கிருமி வளர்க்கும் கூழில்) போட்டால், ஜம்மென்று ஊர்ந்துகொண்டிருந்தன.

சரியான வழி: சென்ட்ரிபியூஜில் சுழற்றி, மருந்து போக மூன்று முறை கழுவுங்கள். அப்புறம் ஈ.கோலை பாக்டீரியா பூசிய, சத்தில்லாத அகார் தட்டில் வையுங்கள். சரியாகக் கழுவாவிட்டால் மிச்ச மருந்து ஈ.கோலையைக் கொன்றுவிடும், இரையில்லாத அமீபா வளராது, நீங்கள் மருந்து ஜெயித்ததாக நினைப்பீர்கள். இரண்டு வாரம் வரை பாருங்கள். எந்தக் குறைந்த அடர்த்தியில் ஒன்றுகூடத் தலைகாட்டவில்லையோ, அதுவே கூட்டைக் கொல்லும் குறைந்தபட்ச அளவு. மூன்று தனித்தனி நாள்களில் திரும்பச் செய்து பார்த்த பிறகே அந்த எண்ணை வெளியே சொல்லுங்கள்.

படி 6: அப்புறப்படுத்தல்

தட்டு, பைப்பெட் முனை, கழுவிய நீர் எல்லாம் 121 டிகிரி ஆட்டோகிளேவுக்கு. குளோரின் தண்ணீரைக் கூடுகள் தாங்கிவிடும்.