அடோபி வீடு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ, அரிசோனா மாநிலக் கிராமப்புறங்களில் மின்கம்பியே எட்டாத இடத்தில் அடோபி வீடுகள் விற்பனைக்கு வருவதுண்டு. சுடாத மண்கல்லில் கட்டிய தடித்த சுவர், கூரையில் சோலார், சுற்றிலும் வெட்டவெளி. படத்தைப் பார்த்ததுமே முன்பணம் கட்டத் தோன்றும். அப்படி முன்பணம் கட்டியவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது தண்ணீரில்தான்.

"தண்ணீரா? லாரியில் வரும்" என்று விற்பவர் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். எங்கிருந்து வருகிறது, அதை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். அரிசோனாவின் ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் பகுதிக்குப் பக்கத்து நகரமான ஸ்காட்ஸ்டேலிலிருந்து லாரித் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வறட்சியைக் காரணம் காட்டி 2023 ஜனவரி 1 முதல் நகரம் அதை நிறுத்தியது. நூற்றுக்கணக்கான வீடுகள் திண்டாடின. சொந்தக் கிணறு என்றாலும் அனுமதிப் பத்திரம், ஆழம், ஊறும் அளவு எல்லாம் தெரியவேண்டும். நியூ மெக்சிகோவில் சில இடங்களின் நிலத்தடி நீரில் ஆர்செனிக்கும் யுரேனியமும் உண்டு; பரிசோதனை அறிக்கை இல்லாமல் கையெழுத்துப் போடவே கூடாது.

அடுத்தது சுவர். சிமெண்ட் பூசி பளிச்சென்று இருந்தால் நல்ல வீடு என்று நினைக்கிறோம். எனக்கு அங்கேதான் சந்தேகம் வரும். நியூ மெக்சிகோவின் ராஞ்சோஸ் டி டாவோஸ் ஊரின் பழைய மண் தேவாலயத்துக்கு 1967இல் சிமெண்ட் பூசினார்கள். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே மண்கல் இளகத் தொடங்கியது. கடைசியில் சிமெண்டைப் பெயர்த்துவிட்டு மண்பூச்சுக்கே திரும்பினார்கள். இன்றும் ஊர்க்காரர்களே கூடிப் பூசுகிறார்கள்.

ஆகவே சுவரின் அடியில் ஒரு அடி உயரம்வரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்டாலோ, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ உள்ளே ஈரம் ஏறியிருக்கலாம். தட்டைக் கூரையின் மழைநீர் விழும் குழாய்களுக்குக் கீழே கறையும் மண் அரிப்பும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சோலாரில் பலகைகளை எண்ணிவிட்டுத் திருப்திப்படுவது இன்னொரு தவறு. பேட்டரியின் வயதைக் கேளுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். டாவோஸ் பக்கம் குளிர்காலம் முழுக்க இரவில் அந்தக் குளிர்தான்.

அப்புறம் பாதை. அது அடுத்தவர் நிலத்தின் வழியே போனால் வழியுரிமை பத்திரத்தில் பதிவாகியிருக்கவேண்டும். வறண்ட ஓடையைக் கடந்துதான் வீட்டுக்குப் போகமுடியும் என்றால், ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.