ஒரு மாநிலத்துக்குப் பத்தாண்டுப் பொருளாதாரத் திட்டம் போடுவது எப்படி?

முதலில் இலக்கை ரூபாயில், நிலை விலையில், அதாவது விலையேற்றத்தைக் கழித்து எழுதுங்கள். டாலரில் சொன்னால் மேடையில் எடுபடும்தான். ஆனால் மாநிலத்தின் கையில் இல்லாத செலாவணி விகிதத்தில் போய்த் திட்டம் மாட்டிக்கொள்ளும். 2012 மார்ச்சில் வெளியான தமிழ்நாட்டின் 'தொலைநோக்குத் திட்டம் 2023' ஆண்டுக்கு 11 சதவீத வளர்ச்சியையும், 2023இல் தலைக்கு 10,000 டாலர் வருமானத்தையும் இலக்காக வைத்தது. 2010-11இல் டாலர் 45 ரூபாய்ச் சொச்சம். 10,000 டாலர் என்றால் நாலரை லட்சம். 2023இல் டாலர் 82ஐத் தொட்டிருந்தது, அதே இலக்குக்கு எட்டு லட்சத்துக்கு மேல் வேண்டும். யாரும் தொடாமலே இலக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது.

தமிழ்நாடு அடுத்து வைத்த ஒரு டிரில்லியன் (ஒரு லட்சம் கோடி) டாலர் பொருளாதாரம் என்ற இலக்கையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். 2023-24இல் மாநில மொத்த உற்பத்தி, அதாவது ஜிஎஸ்டிபி, நடப்பு விலையில் சுமார் 27 லட்சம் கோடி ரூபாய். டாலர் 85 என்று வைத்தால் டிரில்லியனுக்கு 85 லட்சம் கோடி. 2030-31க்குள் எட்ட, ஏழு ஆண்டுகளும் ஏறக்குறைய 18 சதவீதம் வளர வேண்டும். விலையேற்றம் 5 சதவீதம் என்று கழித்தால் உண்மை வளர்ச்சி 12. டாலர் 90 ஆனால் இன்னும் ஒரு புள்ளி கூடும்.

அடுத்தது முதலீடு. கூடுதலாக ஒரு ரூபாய் உற்பத்திக்கு நான்கு ரூபாய் முதலீடு என்று வைத்துக்கொண்டால், 12 வேண்டாம், 9 சதவீத வளர்ச்சிக்கே ஜிஎஸ்டிபியில் 36 சதவீதம் முதலீடாக வேண்டும். 2024-25 பட்ஜெட்டில் தமிழ்நாடு மூலதனச் செலவுக்கு ஒதுக்கியது சுமார் 47 ஆயிரம் கோடி. ஜிஎஸ்டிபியில் ஒன்றரை சதவீதம்! மீதி தனியார், மத்திய அரசு, பொதுத்துறை நிறுவனங்கள், வீடு கட்டுகிறவர்கள் போடுவது. ஆகவே, அரசின் ஒன்றரை ரூபாயை எங்கே போட்டால் மற்றவர் பணம் பின்னால் வரும் என்பதைத்தான் திட்டம் சொல்ல வேண்டும்.

அந்த ஒன்றரையும் நிலையில்லாதது. பத்தாண்டு வரவுக்கு அட்டவணை போட்டு, சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் நான்கையும் முதலில் கழியுங்கள். நிதிப் பற்றாக்குறை ஜிஎஸ்டிபியில் 3 சதவீதம் என்ற வரம்புக்குள் எவ்வளவு கடன் வாங்கலாம் என்று பார்த்து அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வருவாய் குறையும் ஆண்டில் சம்பளத்தை வெட்ட முடியாது. பாலமும் குடிநீர்க் குழாயும்தான் வெட்டுப்படும். மின்வாரிய நட்டத்துக்கு அட்டவணையில் தனி வரிசை வையுங்கள். 'அது தனி நிறுவனம்' என்று விட்டுவிட்டால் மூன்றாம் ஆண்டு அது கருவூலத்தின் வாசலில் வந்து நிற்கும். மத்திய வரிப் பகிர்வில் தமிழ்நாட்டின் பங்கு 2021-26க்கு 4.079 சதவீதம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிதிக்குழு இதை மாற்றும் என்பதால் அட்டவணையை அங்கே உடைத்துப் போடுங்கள்.

திட்டங்கள் பெரும்பாலும் படுத்துக்கொள்வது நிலத்தில்தான். 'தொழிற்பேட்டைக்கு 1,000 ஏக்கர் தயார்' என்று முன்மொழிவு வந்தால், நில வகையைச் சொல்லும் அ-பதிவேட்டையும் சர்வே வரைபடமான புலப்படத்தையும் வரவழைத்து, பட்டா, தரிசு, மேய்க்கால், நீர்நிலை எனச் சர்வே எண் வாரியாகப் பிரியுங்கள். நீர்நிலைப் புறம்போக்கை இல்லாத நிலமாகவே கணக்கில் கொள்ளுங்கள். வாய்க்கால் அகலம் பத்தடிதான் இருக்கும், ஆனால் தளத்தின் குறுக்கே ஓடினால் பெரிய ஆலைக்கு வேண்டிய ஒரே துண்டு இரண்டாகிவிடும். பட்டா இறந்துபோனவர் பெயரில் இருக்கும், வாரிசுகள் ஏழெட்டுப் பேர், இழப்பீட்டு வழக்கு தனி. நிலத்துக்கு ஒரு வருடம் என்று எழுதியிருந்தால் மூன்றாக்குங்கள்.

துணை மின்நிலையமும் தண்ணீரும் நிலத்தோடு சேர்ந்தே வர வேண்டும். ஆற்று நீரை எழுதிவைக்காதீர்கள். கோடையில் ஊர்க்காரர்களுக்கும் ஆலைக்கும் சண்டை வரும். சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019இல் வந்த நிலையங்கள் கழிவுநீரைச் சுத்திகரித்து, தலா நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வரை தொழிற்சாலைகளுக்குத் தரக்கூடியவை. அதுதான் சரியான வழி.

தொழிலை மாவட்டத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பெரம்பலூர் போன்ற உள்மாவட்டத்துக்குத் தோல் அல்லாத காலணி பொருந்துகிறது: துறைமுகம் பக்கத்தில் இல்லாவிட்டாலும் ஓடும், தண்ணீர் கொஞ்சம்தான், உள்ளூர்ப் பெண்களுக்கு வேலை. ஆனால் பேருந்தும் விடுதியும் திட்டத்திலேயே இருக்க வேண்டும். இன்னொன்று: மாநிலக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள், 2020இலேயே 1.4க்கு இறங்கிவிட்டது. பத்தாம் ஆண்டில் இளம் தொழிலாளர் இப்போதைய அளவுக்குக் கிடைப்பார்கள் என்று கணக்குப் போடாதீர்கள்.

கடைசியாக, ஒவ்வொரு திட்டத்துக்கும் பொறுப்பான துறைச் செயலர், பட்ஜெட் கணக்குத் தலைப்பு, முதல் ஆண்டுத் தொகை மூன்றையும் எழுதுங்கள். இல்லாததைப் பிற்சேர்க்கைக்குத் தள்ளுங்கள். புரிந்துணர்வு ஒப்பந்தத் தொகையை முதலீடாக எண்ணாமல், மின் இணைப்பு வாங்கிய ஆலைகளை எண்ணுங்கள். நிலை விலைக்கு எந்த ஆண்டின் விலையை எடுப்பது என்ற ஜிஎஸ்டிபியின் அடிப்படை ஆண்டு இடையில் மாறும். அப்போது பழைய புள்ளிவிவரத் தொடரையும் பத்திரப்படுத்துங்கள். இல்லையென்றால் கணக்கு முறை மாறியதால் வந்த ஏற்றத்தையும் வளர்ச்சி என்று சட்டமன்றத்தில் வாசித்துவிடுவார்கள்.