மலையிலிருந்து ஒரு சாக்குக் குப்பையை இறக்குவது எப்படி: பனிக்கால நடைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

போன வருடம் எங்கள் நடைக் குழுவோடு நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாதமலை ஏறி, பத்தொன்பது சாக்குக் குப்பையை இறக்கினோம். கால் நடுங்க நடுங்க இறக்கி, பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்து, போட்டோவும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் காலை பார்த்தால் பாதிச் சாக்குகள் கிழிந்து, அதே குப்பை ரோட்டிலும் ஓடைக் கரையிலும் பரவிக் கிடந்தது. வருவதாகச் சொன்ன டிராக்டர் வரவில்லை. இரவு நாய்கள் வந்திருக்கின்றன, பன்றியும் வந்திருக்கும் போல.

அதனால் இந்தக் குறிப்பைக் கடைசி வேலையிலிருந்து தொடங்குகிறேன். மலை ஏறுவது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. ஐயாயிரத்துக்கு மேல் படி இருக்கிறது, ஒவ்வொன்றாக ஏற வேண்டும், அவ்வளவுதான்.

1. குப்பையை யார் எடுப்பார்கள் என்று முதலில் கேளுங்கள்

நாள் குறிப்பதற்கு முன்பே, வட்ஸ்அப்பில் ஆள் சேர்ப்பதற்கு முன்பே, அந்த இடத்துக்குரிய பிரதேச சபைக்குப் போங்கள். போனில் பேசி "சரி, பாத்துக்கலாம்" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். நாங்கள் ஏமாந்தது அந்த "பாத்துக்கலாம்" என்ற சொல்லில்தான். ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், ஏறக்குறைய எத்தனை சாக்கு என்பது இருக்கட்டும். எதை எடுப்பார்கள், எதை எடுக்க மாட்டார்கள் என்றும் கேட்டுவிடுங்கள். கண்ணாடியைத் தனியாகக் கட்டச் சொல்வார்கள். சாப்பாடு ஒட்டிய லன்ச் சீட்டை (சோறு சுற்றும் பொலித்தீன் தாள்) எங்கும் முகம் சுளித்துத்தான் வாங்குவார்கள்.

நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிறுதான் மலைக்குப் போக முடியும். ஞாயிறிலும் போயாவிலும் (பௌர்ணமி விடுமுறை நாள்) சபை லொறி வருவதில்லை. இப்போது நாங்கள் செய்வது இதுதான்: அடிவாரத்தில் தெரிந்த கடைக்கார அண்ணனிடம் கேட்டு, கதவு பூட்டக்கூடிய ஒரு கொட்டிலில் ஒரு இரவு வைத்துவிட்டு, திங்கள் காலை எங்களில் ஒருவர் நின்று ஒப்படைப்பது. அந்த ஒருவர் யார் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். மலையிலிருந்து இறங்கிய பிறகு கேட்டால் எல்லோருக்கும் திங்கட்கிழமை அவசர வேலை இருக்கும்.

2. நாள் பார்ப்பது

மலை சீசன் டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் போயா வரை. ஹட்டன், மஸ்கெலியா பக்கத்துக்கு ஜனவரி கடைசியும் பெப்ரவரியும் நல்ல காலம். பகலில் வெயில், இரவில் பல் கிட்டும் குளிர். நீண்ட விடுமுறை முடிந்த அடுத்த ஞாயிறைப் பிடியுங்கள். கூட்டம் குறைந்திருக்கும், குப்பை அப்படியே இருக்கும்.

வானம் பார்த்து உடுப்பு எடுங்கள். முந்தின இரவு நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து, காற்றும் இல்லையென்றால் இன்னொரு ஜெர்சி வேண்டும். மேகம் போர்வை மாதிரி. அது இல்லாத இரவில் நிலத்துச் சூடெல்லாம் மேலே போய்விடும். நுவரெலியா, அம்பேவெல பக்கம் புல்லில் துகள் உறைபனி விழுவதும் இப்படிப்பட்ட இரவுகளில்தான். தேயிலைக் கொழுந்து கருகிப்போனால் தோட்டத்தில் பேர் (கிடைக்கும் வேலை நாள்) குறையும் என்று அம்மா ஜனவரி முழுக்க வானத்தைப் பார்த்துப் புலம்பிக்கொண்டே இருப்பார்.

இடையில் ஒன்று. ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர், "குப்பையோடு சேர்த்து மரமும் நடுவோமே" என்பார். மேற்குச் சரிவில் ஜனவரியில் நடாதீர்கள். அதன் பிறகு இரண்டு மாதம் மழை குறைவு, யார் தண்ணீர் ஊற்றுவது? ஒக்டோபர் மழையில் நடுங்கள். ஜனவரியில் நட்ட கன்றைப் போட்டோவில் மட்டும்தான் பார்க்கலாம்.

3. சாமான்

சாக்கு: கறுப்புக் குப்பைப் பை வேண்டவே வேண்டாம். முதல் திருப்பத்திலேயே முள்ளில் கிழியும். உரம் வந்த வெள்ளைச் சாக்கு எடுங்கள். ஐம்பது கிலோ உரத்தைத் தாங்கினது, உங்கள் போத்தல்களைத் தாங்காதா? இரண்டு தரம் அலசிக் காயவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதுகு அரிக்கும்.

கையுறை: ஆஸ்பத்திரியில் போடும் மெல்லியதை வாங்காதீர்கள். ஹார்ட்வெயார் கடையில் உள்ளங்கைக்கு மட்டும் ரப்பர் பூசிய நூல் கையுறை இருக்கும், அதுதான் சரி. உடைந்த போத்தல் ஓடு குத்தாமலிருக்க அதுவும் போதாது. கண்ணாடியை இடுக்கியால் மட்டும் எடுங்கள், தடித்த அட்டைப் பெட்டியில் போடுங்கள்.

சப்பாத்து: விலை கூடியதைவிட, ஏற்கெனவே காலுக்குப் பழகியது மேல். அடி தேய்ந்ததாக மட்டும் இருக்கக் கூடாது.

காய்ந்த பனியன் ஒன்று. இதைப் புதியவர்கள் எல்லோரும் மறக்கிறார்கள். ஏறும்போது வேர்த்து நனையும். மேலே போய் நின்றதும் காற்றோடு சேர்ந்து அந்த ஈரம்தான் ஆளை விறைக்கவைக்கும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒதுங்கி மாற்றிக்கொண்டு ஏறுங்கள்.

டோர்ச், தண்ணீர், பிளாஸ்கில் சாயத்தண்ணி (பால் இல்லாத தேத்தண்ணி), தேங்காய் ரொட்டி, கட்ட சம்பல். ரொட்டியை வாழையிலையில் சுற்றுங்கள். குப்பை பொறுக்கப் போகிறவர் லன்ச் சீட் கொண்டுவந்தால் எங்கள் குழு அண்ணன் அன்று முழுக்கக் கிண்டல் செய்வார்.

4. ஏறும்போது எதையும் பொறுக்காதீர்கள்

ஆர்வத்தில் அடிவாரத்திலேயே தொடங்குவார்கள். வேண்டாம். இரவு இரண்டு மணிக்குத் தொடங்கி விடியலுக்கு மேலே போங்கள். சூரியன் எழும்போது மலையின் நிழல் மறுபக்கத்தில் முக்கோணமாக விழும், அதைப் பார்த்துவிட்டு இறங்கும்போது வேலையைத் தொடங்குங்கள். அவசரம் வேண்டாம், பனி காயட்டும். ஈரத்தோடு எடுத்தால் பொலித்தீன் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சாக்கும் கனக்கும்.

இந்த மலை சரணாலயத்துக்குள் இருக்கிறது. 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டில் இதுவும் ஒரு பகுதி. ஆகவே பாதையையும் அதன் ஓரத்தையும் விட்டுக் காட்டுக்குள் இறங்குவதாக இருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பள்ளத்தில் கிடக்கும் போத்தலைப் பார்த்துக் கை துடிக்கும். விட்டுவிடுங்கள், சரிவில் விழுந்தால் உங்களையும் சேர்த்துத்தான் நாங்கள் தூக்க வேண்டும். அவசரம் என்றால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். ஆனால் அது ரோட்டுக்குத்தான் வரும், படிக்கு வராது.

குளவிக் கூடு கண்ணில் பட்டால் அந்த இடத்துக் குப்பை அங்கேயே இருக்கட்டும். தோட்டத்து ஆட்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

5. எது குப்பை, எது குப்பை இல்லை

இங்கே நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்திகட்டுபான என்ற இடத்தில் புத்தர் தம் காவியைத் தைத்ததாக ஐதீகம். யாத்திரை வருகிறவர்கள் அங்கே ஊசியில் நூல் கோத்து, அந்த நூலை இழுத்துக்கொண்டே மேலே ஏறுவார்கள். கைப்பிடிக் கம்பி முழுக்க வெள்ளை நூல் சுற்றிக் கிடக்கும். எனக்கு அது தெரியாது. பனியில் நனைந்து அழுக்காகக் கிடந்த நூலைக் கத்தரிக்கோலால் வெட்டிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சேலை கட்டிய ஒரு சிங்கள ஆச்சி பக்கத்தில் வந்து "துவே" (மகளே) என்று கூப்பிட்டு, என் கையிலிருந்த கத்தரிக்கோலை மெதுவாக மூடினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

நூல், கொடி, விளக்கு, பூ, காசு எதையும் தொடாதீர்கள். சந்தேகமாக இருந்தால் அங்கே இருக்கிறவர்களிடம் கேளுங்கள்.

6. போத்தல்: இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள்

முதல் தடவை என் சாக்கு பாதி நிறைவதற்குள்ளேயே தூக்க முடியவில்லை. வெறும் பிளாஸ்டிக் இவ்வளவு கனக்குமா என்று யோசித்தேன். பிறகு ஒரு போத்தலை எடுத்து ஆட்டிப் பார்த்தேன், உள்ளே தண்ணீர். ஏறுகிற களைப்பில் பாதி குடித்துவிட்டு மூடி போட்டு எறிந்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வெறும் அரை லீட்டர் போத்தல் ஐம்பது சேர்ந்தாலும் ஒரு கிலோ அளவுதான் வரும். ஒவ்வொன்றிலும் 150 மில்லி மிச்சம் இருந்தால் அதோடு ஏழரைக் கிலோ தண்ணீர் சேரும். நான் அன்று மலையிலிருந்து தண்ணீர் சுமந்திருக்கிறேன், கீழே ஓடை ஓடும்போது.

ஆகவே ஒவ்வொன்றாக: மூடியைத் திறங்கள். கொஞ்சம் தள்ளிப் பிடித்து மணம் பாருங்கள் (இரவில் படியை விட்டு ஒதுங்க இடமில்லாதவர்கள் போத்தலை எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று விளக்கத் தேவையில்லை). தண்ணீரை ஓரமாக ஊற்றுங்கள். போத்தலைப் படியில் கிடத்தி, அடியிலிருந்து கழுத்துப் பக்கமாகக் காலால் மிதித்துத் தட்டையாக்குங்கள். தட்டையாக இருக்கும்போதே மூடியைத் திரும்பப் போடுங்கள். மூடி போடாவிட்டால் காற்று புகுந்து மறுபடி உப்பிக்கொள்ளும், சாக்கில் இடமிருக்காது.

இப்படிச் செய்தால் இன்னொரு லாபம்: நல்ல போத்தல்களைத் தனிச் சாக்கில் காய்ந்தபடியே வைத்திருந்தால் பழைய போத்தல் வாங்குகிறவர் எடுத்துக்கொள்வார். சபை லொறிக்குப் போகிற சுமை அந்த அளவுக்குக் குறையும்.

7. சாக்கை முதுகில் கட்டுவது

கையில் தூக்கிக்கொண்டு படி இறங்காதீர்கள், முழங்கால் போய்விடும். சாக்கின் அடி மூலை இரண்டிலும் உள்பக்கமாக எலுமிச்சங்காய் அளவு கல்லை வையுங்கள். வெளியே கல்லுக்கு மேலே கயிற்றைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டால் எவ்வளவு இழுத்தாலும் நழுவாது. அந்த இரண்டு கயிற்றையும் மேலே கொண்டுபோய்ச் சாக்கின் வாயோடு சேர்த்துக் கட்டினால் தோளில் போடும் பை தயார். தோளில் கயிறு பதியும் இடத்தில் துவாயை மடித்து வையுங்கள்.

இது அம்மா சொல்லித்தந்தது. அவருக்குத் தோள் கயிறு பிடிக்காது. முப்பது வருடம் கொழுந்து சுமந்தவர், கயிறு தலையில்தான் இருக்க வேண்டும் என்பார். அவர் தலையில் போட்டுக்கொண்டு நடந்தால் இரண்டு கையும் சும்மா இருக்கும், கழுத்து ஆடாது. நான் முயன்று பார்த்து இரண்டு நாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்தேன். புதியவர்கள் தோளிலேயே போடுங்கள். எட்டுக் கிலோவுக்கு மேல் ஒருவருக்கு வேண்டாம்.

8. ஒப்படைப்பது

கீழே வந்ததும் எண்ணுங்கள். சாக்கின் மேல் மார்க்கரால் எண் போடுங்கள். வாய் இரட்டை முடிச்சு. திங்கள் காலை லொறி வரும்போது எத்தனை என்று எழுதி, வாங்கிக்கொள்பவரிடம் கையெழுத்துக் கேளுங்கள். கேட்பதற்கு ஒரு மாதிரி இருக்கும், பரவாயில்லை. அடுத்த தடவை கடிதத்தோடு அந்தத் தாளைக் காட்டினால் வேலை சீக்கிரம் நடக்கும். நன்றி சொல்லிப் பிளாஸ்கில் மிச்சமிருக்கும் சாயத்தண்ணியையும் அந்தத் தொழிலாளர்களுக்கு ஊற்றிக் கொடுங்கள். நாம் வருடத்தில் ஒரு நாள் செய்வதை அவர்கள் தினமும் செய்கிறார்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த இரண்டு பேர் மலசலகூடம் பற்றிக் கேட்டிருந்தார்கள். சீசனில் வழியில் இருக்கிறது, தண்ணீர் எப்போதும் இருக்கும் என்று நம்பாதீர்கள். மாதவிடாய் நாளென்றால் பயன்படுத்தியதைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வீடுவரை கொண்டுபோங்கள். படியோரத்தில் அவற்றையும் எடுத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகலாமா என்று ஒரு தம்பி கேட்டார். போகலாம், ஆனால் அங்கே வாசலிலேயே பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், குப்பை வேலை குறைவு. கோர்ஸ் என்ற மஞ்சள் பூ முட்செடி புல்வெளியில் பரவுகிறது, அதைப் பிடுங்கத்தான் ஆள் வேண்டும். அதைப் பூங்கா அதிகாரிகளோடு சேர்ந்து மட்டும் செய்யுங்கள். அதன் விதை மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். சப்பாத்து மண்ணைத் தட்டாமல் வந்தால் நீங்களே விதைத்துவிடுவீர்கள்.

முக்கியமான திருத்தம் பதுளையிலிருந்து ஒரு தங்கச்சி சொன்னது. நான் ஜனவரி நல்ல காலம் என்று எழுதியது மேற்குப் பக்கத்துக்குத்தான் பொருந்தும். பதுளை, பசறை, நமுனுகுல பக்கம் வடகீழ்ப் பருவமழை டிசம்பர், ஜனவரியிலும் பெய்யும், சரிவு ஊறிப்போய் இருக்கும். அங்கே நாள் குறிக்கும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவிப்பைப் பாருங்கள். முதல் நிலையான மஞ்சள் என்றாலே நாங்கள் நடையைத் தள்ளிப்போடுவோம். செம்மஞ்சள், சிவப்பு வந்தால் குப்பையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அந்த இடத்து ஆட்களே செம்மஞ்சளில் வெளியேறத் தயாராகி, சிவப்பில் வெளியேறிவிட வேண்டிய நேரம் அது.

பதுளைத் தங்கச்சியின் ஆட்கள் நடைக்குக் குறித்த தேதியை மார்ச்சுக்கு மாற்றிவிட்டார்களாம். சாக்கு மூலையில் கல் கட்டுவதற்குப் படம் கேட்டிருந்தாள். அம்மாவைக் கட்டச் சொல்லி, கை மட்டும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பினேன். போனில் அதைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: "கொழுந்துக் கறையோட எடுத்துட்டியே, கை கழுவிட்டு வரச் சொல்லியிருக்கலாம்ல?"