யூன் முடிவதற்குள் செய்ய வேண்டியவை, கோடையில் விடாமல் செய்ய வேண்டியவை: ஒன்ராறியோ ஜேகே, எஸ்கே பெற்றோருக்கு

ஒன்ராறியோவில் ஜேகே, எஸ்கே (முதலாம் வகுப்புக்கு முந்திய பாலர்) வகுப்புகள் யூன் கடைசியில் முடிகின்றன. லேபர் டே கழிந்த பிறகு, செப்ரெம்பர் முதற்கிழமையை ஒட்டி மறுபடி தொடங்கும். இடையில் ஒன்பது பத்துக் கிழமைகள். பிள்ளைக்கு மட்டுமல்ல, பள்ளி அலுவலகத்துக்கும் இது பெரும்பாலும் விடுமுறைதான். யூலையில் தொலைபேசி எடுத்தால் பதிவு செய்யப்பட்ட குரல்தான் பேசும். ஆகவே பள்ளியோடு தொடர்புள்ள எதையும் யூன் 20க்குள் முடித்துவிடுங்கள்.

கடைசி நாட்களில் ஒரு றிப்போட் வரும். அதில் மதிப்பெண்ணோ நிலையோ இருக்காது. பிள்ளை என்ன கற்றது, எப்படி வளர்ந்தது, அடுத்து என்ன என்று பந்தி பந்தியாக எழுதியிருப்பார்கள். எல்லாமே இனிமையாகத் தெரிவதால் பலர் வாசித்துவிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள். சில சொற்களில் கண் வையுங்கள். ‘இண்டிபென்டென்ட்லி’ என்றால் பிள்ளை தானாகச் செய்கிறது. ‘வித் சப்போட்’ என்றால் ஆசிரியர் பக்கத்தில் இருந்தால்தான் செய்கிறது. ‘பிகினிங் டு’ என்றால் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. ‘நெக்ஸ்ட் ஸ்டெப்ஸ்’ என்ற பகுதிதான் உங்கள் கோடைகாலப் பாடத்திட்டம். வேறொன்றை விலைக்கு வாங்கத் தேவையில்லை. எஸ்கே பிள்ளைகளுக்கு வாசிப்புத் திறன் பரிசோதனை ஒன்றும் பள்ளியில் நடக்கிறது. அதன் முடிவை ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்பது குறை சொல்வதாகாது, இங்கே அது வழக்கம்.

வீடு மாறுகிறீர்களென்றால் புதிய முகவரியை யூனிலேயே அலுவலகத்தில் சொல்லுங்கள். புதிய பகுதிப் பள்ளியில் பதிய முகவரிச் சான்று, பிறப்புச் சான்று, குடிவரவுப் பத்திரம், தடுப்பூசி அட்டை ஆகியவை வேண்டும். பிள்ளையின் பதிவுகளைப் பள்ளிகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும். ஊருக்குப் போகிறவர்கள் திரும்பும் திகதியை எழுத்தில் கொடுங்கள். செப்ரெம்பரில் அறிவிப்பில்லாமல் தொடர்ந்து 15 பள்ளி நாட்கள் வராத பிள்ளையைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடக்கூடும். திரும்பி வந்து மறுபடி முதலிலிருந்து பதிய வேண்டியிருக்கும்.

தடுப்பூசி: பலர் தடுக்கி விழும் இடம்

இலங்கையில் எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா தடுப்பூசி) முதல் ஊசி 9 மாதத்திலும் இரண்டாவது 3 வயதிலும் போடப்படுகிறது. ஒன்ராறியோவில் முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டது கணக்கில் வராது. எனவே அட்டையில் இரண்டு இருந்தும் இங்கே ஒன்று குறைவாகத்தான் காட்டும். கொப்புளிப்பான், மெனிஞ்சோகொக்கல் ஊசிகள் இலங்கை, இந்திய அரச அட்டவணைகளில் இல்லை. இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு அவை இரண்டும் கட்டாயம். இவற்றோடு 4 முதல் 6 வயதுக்குள் போடவேண்டிய மேலதிக ஊசிகளும் உண்டு.

இன்னொரு சிக்கல், வைத்தியர் ஊசி போட்டாலும் அதைப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிப்பவர் நீங்கள்தான். ரொறன்ரோவில் இணையத்திலேயே பதியலாம். அறிவிக்காவிட்டால் பின்னொரு ஆண்டில் எச்சரிக்கைக் கடிதமும், 20 பள்ளி நாட்கள் வரை இடைநிறுத்தமும் வரலாம். விடுமுறையில் குடும்ப வைத்தியரிடம் நேரம் எடுங்கள். கண் பரிசோதனையையும் அப்போதே முடித்துவிடலாம். 19 வயது வரை ஆண்டுக்கொரு முறை ஓஹிப் (ஒன்ராறியோ அரச சுகாதாரக் காப்புறுதி) அதற்குப் பணம் கொடுக்கிறது. கரும்பலகை தெரியாத பிள்ளை அதை வாய் திறந்து சொல்லாது.

வீட்டில் என்ன செய்வது

முதலாம் வகுப்புப் பயிற்சிக் கொப்பியை இப்போதே வாங்கி முடிப்பது வேண்டாத வேலை. செப்ரெம்பரில் அதே பக்கங்களைப் பிள்ளை மறுபடி பார்க்கும், சலிக்கும். ஒரு நாளைக்கு இருபது நிமிடம், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். காலைச் சாப்பாடு முடிந்த கையோடு வைத்துக்கொண்டால் நிலைக்கும். இரவில் வைத்தால் நிலைக்காது. யூனில் இங்கே சூரியன் மறையவே ஒன்பது மணியாகிறது.

வாசிப்பில் நம் வீடுகளில் நடக்கும் பெரிய பிழை எழுத்தின் பெயரோடு நின்றுவிடுவது. 2022இல் ஒன்ராறியோ மனித உரிமை ஆணையத்தின் வாசிப்பு விசாரணை அறிக்கை வந்த பிறகு, பள்ளிகள் ஒலிகளை முறையாகக் கற்பிக்கும் வழிக்குத் திரும்பியிருக்கின்றன. ‘எஸ்’, ‘ஏ’, ‘ரீ’ (s, a, t) என்று பெயர் சொல்லத் தெரிந்த பிள்ளையால் அந்த மூன்றையும் சேர்த்து ஒரு சொல்லாக வாசிக்க முடியாது. ஒலி தெரிந்தால் முடியும். முதலில் எஸ், ஏ, ரீ, பீ, ஐ, என் என்ற ஆறு எழுத்துகள் போதும். அவற்றைக் கொண்டே மூன்றெழுத்துச் சொற்கள் இருபதுக்கு மேல் கட்டலாம்.

இங்கேதான் தமிழ் நாக்கு இடறும். மெய்யொலியின் பின்னால் ஓர் உகரத்தை ஒட்டிவிடுவது நம் பழக்கம். ‘ஸு’, ‘பு’, ‘டு’ என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளை சேர்க்கும்போது வருவது ‘ஸுஆடு’. அப்படி ஒரு சொல் எந்த மொழியிலும் இல்லை. புள்ளி வைத்த எழுத்தாக, ‘ஸ்’, ‘ப்’, ‘ட்’ என்று வெட்டிச் சொல்லுங்கள். ‘ஸ்’, ‘ன்’ போன்றவற்றை நீட்டலாம். ‘ப்’, ‘ட்’ நீளாது, நீட்டப் பார்த்தால் உகரம் வந்துவிடும். அதேபோல் p, b என்ற இரு ஆங்கில எழுத்துகளையும் நாம் ஒரே ‘ப’வால் எழுதுகிறோம். பிள்ளையின் விரலைத் தொண்டையில் வைக்கச் சொல்லுங்கள்: ஒன்றில் அதிர்வு இருக்கும், மற்றதில் இருக்காது. எஃப் ஒலிக்கு மேற்பல் கீழுதட்டைத் தொடவேண்டும். எழுதும்போது சிறிய எழுத்தையே முதலில் பழக்குங்கள். பெயர் முழுவதையும் பெரிய எழுத்தில் எழுதப் பழகிய பிள்ளையை மாற்ற ஆசிரியருக்கு மாதக்கணக்காகும்.

தமிழை நிறுத்தச் சொல்லும் அறிவுரைக்குச் செவி கொடுக்காதீர்கள். சொல்வளம், கதையை வரிசைப்படுத்திச் சொல்லும் திறன், காரணம் கேட்கும் பழக்கம் ஆகியவை தமிழில் வளர்ந்தால் ஆங்கிலத்துக்கும் போகும். உங்களுக்குத் தடுமாறும் ஆங்கிலத்தில் பேசுவதைவிட, நல்ல தமிழில் கதை சொல்லி ‘அடுத்து என்ன நடக்கும்? ஏன்?’ என்று கேட்பது பிள்ளைக்குப் பெரிய உதவி. செப்ரெம்பரில் கல்விச் சபைகள் நடத்தும் சர்வதேச மொழி வகுப்புகளில் தமிழுக்குப் பதியவும் மறவாதீர்கள்.

கணக்குக்குப் பயறும் முட்டைப் பெட்டியும் போதும். 12 குழிப் பெட்டியில் இரண்டை வெட்டிவிட்டால் ஐந்தைந்தாக இரண்டு வரிசை. ஏழு பயறு போட்டு ‘பத்தாக இன்னும் எத்தனை?’ என்று கேளுங்கள். நூறு வரை பாடமாக ஒப்புவிப்பது வேறு, எட்டுப் பொருளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி எட்டென்று நிறுத்துவது வேறு. பல்லாங்குழி இருந்தால் இன்னும் நல்லது.

நூலகமும் முகாமும்

ரொறன்ரோ பொது நூலக அட்டை நகரவாசிகளுக்கு இலவசம். முகவரிச் சான்றோடு போனால் அன்றே கிடைக்கும். ஒரு முறையில் 50 பொருட்கள் வரை, மூன்று கிழமைக்கு எடுக்கலாம். 2022 முதல் தாமதக் கட்டணம் இல்லை, தொலைத்தால் மட்டும் விலை. ஸ்காபரோக் கிளைகள் பலவற்றில் தமிழ்ப் புத்தக அடுக்கு உண்டு. யூனில் தொடங்கும் டிடி சம்மர் ரீடிங் கிளப்பில் பிள்ளையைப் பதியுங்கள். இலவசக் குறிப்பேடும் ஒட்டுபடங்களும் தருவார்கள். தமிழில் வாசித்ததையும் அதில் எழுதலாம். ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள் விளையாடிப் பழகும் ஏர்லிஒன் நிலையங்களும் இலவசம். பெற்றோரும் கூட இருக்கவேண்டும்.

ரொறன்ரோ நகரக் கோடை முகாம்களில் யூனில் இடம் கிடைப்பது அரிது. காத்திருப்போர் பட்டியலில் பெயர் போடுங்கள், விலகுபவர்கள் உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ‘வெல்கம் பொலிசி’ கட்டணச் சலுகை உண்டு, ஆனால் அதற்கு அனுமதி கிடைத்த பிறகுதான் பதிய வேண்டும். விண்ணப்பத்தைக் குளிர்காலத்திலேயே கொடுப்பது நல்லது. பகல் முகாம் ரசீதை எறியாதீர்கள். வருமான வரியில் பிள்ளைப் பராமரிப்புச் செலவாகக் காட்டலாம், பொதுவாக வருமானம் குறைந்த பெற்றோரின் பெயரில்.

எஸ்கே முடித்த பிள்ளைக்கு ஓகஸ்ட் கடைசி இரண்டு கிழமை முக்கியம். முதலாம் வகுப்பில் ஆசிரியரோடு இருந்த இரண்டாவது பெரியவர் இருக்கமாட்டார். சப்பாத்து, உடுப்பின் சிப் (zip), கழிவறை எல்லாம் தானே பார்க்க வேண்டும். படுக்கை நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். மதியச் சாப்பாட்டை வீட்டிலேயே பள்ளிப் பெட்டியில் வைத்து, இருபது நிமிடக் கடிகாரத்தோடு சாப்பிட வையுங்கள். திறக்க முடியாத மூடி எது என்று அப்போதுதான் தெரியும். அந்தப் பெட்டியை மாற்றிவிடுங்கள்.